வாசகர் கேள்வி – பதில்: அரை நூற்றாண்டு அமெரிக்கக் காங்கிரசில் இருந்த இமானுவல் செல்லர்

சென்ற இதழில் அமெரிக்காவில் குடியேறிய தமிழர்களைப் பற்றிய கட்டுரையில், 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தைக் கொண்டுவந்தவர்களுள் ஒருவராக, அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரசின் இரு அவைகளுள் ஒன்றான பிரதிநிதிகள் சபையின் (மற்றொன்று செனட்) உறுப்பினர் இமானுவல் செல்லரின் பெயரை ஒரே வரியில் குறிப்பிட்டிருந்தோம். அவர் யார், என்ன செய்தார், ஏன் அவரைப் பற்றித் தமிழில் ஒருவரும் எழுதுவதில்லை என்று கேட்டுப் பல வாசகர்கள் கடிதம் எழுதியிருக்கிறார்கள். அக்கேள்விகள் அனைத்தும் ஒரே மனிதரைச் சுற்றி அமைந்திருப்பதால், இந்த இதழின் கேள்வி – பதில் பகுதி முழுவதையும் அவருக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: செல்லரின் பின்னணியையும், அவர் எத்தனை ஆண்டுகள் பதவியில் இருந்தார் என்பதையும் விளக்க வேண்டுகிறேன். (வாசகர், திருச்சி)

பதில்: செல்லர் 1888ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில், ஜெர்மனியிலிருந்து குடியேறிய யூத வழியில் வந்த குடும்பத்தில் பிறந்தார். தந்தை மது வணிகர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோதே தந்தையும் தாயும் அடுத்தடுத்து இறந்துவிட, குடும்பப் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. பகலில் வகுப்புக்குச் செல்வதும் மற்ற நேரங்களில் ஒயின் விற்பதுமாகப் படிப்பை முடித்து, 1912இல் சட்டப் பட்டம் பெற்று வழக்கறிஞரானார்.

1922ஆம் ஆண்டுத் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் சார்பில் வென்று, 1923 மார்ச்சில் பிரதிநிதிகள் சபையில் உறுப்பினரானவர், 1973 ஜனவரி வரை, அதாவது ஐம்பது ஆண்டுகளுக்கு இரண்டே மாதங்கள் குறைவாக, இடைவெளியே இல்லாமல் அங்கே இருந்தார். அச்சபையின் பதவிக்காலம் இரண்டே ஆண்டுகள் என்பதை நினைவில் கொண்டால், அவர் தொடர்ந்து 25 பொதுத் தேர்தல்களில் வென்றிருக்கிறார் என்பது விளங்கும். ஹார்டிங் தொடங்கி நிக்சன் வரை ஒன்பது அதிபர்கள் அவர் கண்முன்னே பதவி வகித்தனர். அவரைவிட நீண்ட காலம் இருந்தவர்களும் உண்டு: மிச்சிகனின் ஜான் டிங்கெல் 59 ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். ஆனால் தொடக்கத்தில் தோற்ற ஒரு வாதத்தை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மனத்தில் வைத்திருந்து, அதைச் சட்டமாக்கிய பின்பே ஓய்ந்தவர் என்ற வகையில் செல்லருக்கு இணையாக இன்னொருவரைச் சொல்வது எளிதன்று என்பது என் கருத்து.

கேள்வி: அமைச்சராகவே இல்லாத ஒருவர் இத்தனை சட்டங்களை எப்படிக் கொண்டுவர முடிந்தது? நம் நாட்டில் சாதாரண எம்.பி. ஒருவரால் இது இயலாதே! (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: நம் நாடாளுமன்றத்தில் அரசு கொண்டுவரும் மசோதாவே பெரும்பாலும் சட்டமாகிறது, அமைச்சர்கள் அவையிலேயே அமர்ந்திருக்கிறார்கள், கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறினால் பதவியே போய்விடும். அமெரிக்காவில் அமைச்சரவையைச் சேர்ந்தவர்கள் காங்கிரசில் உறுப்பினராக இருக்க முடியாது. எந்த மசோதாவாக இருந்தாலும் அதை உறுப்பினர் ஒருவர்தான் முன்மொழிய வேண்டும். பிறகு அது உரிய குழுவுக்குப் போகும். பெரும்பாலான மசோதாக்கள் குழுவிலேயே மடிந்துவிடுகின்றன. ஆகவே அங்கே குழுவின் தலைவரே உண்மையான வாயிற்காவலர்.

செல்லரின் காலத்தில், பெரும்பான்மைக் கட்சியைச் சேர்ந்தவர்களுள் ஒரு குழுவில் மிக நீண்ட காலம் தொடர்ந்து இருந்தவரே அதன் தலைவர் என்பது மாறாத மரபு. அந்த மரபின்படி 1949இல் அவர் நீதித்துறைக் குழுவின் தலைவரானார். 1953, 1954 ஆகிய இரு ஆண்டுகள் சபை குடியரசுக் கட்சியின் கைக்குப் போனதைத் தவிர, 1973 வரை அப்பொறுப்பு அவரிடமே இருந்தது. குடியேற்றம், குடிமை உரிமை, ஏகபோகத் தடுப்பு, அரசியலமைப்புத் திருத்தம் ஆகிய நான்கும் அந்த ஒரே குழுவின் வரம்புக்குள் அடங்கியவை. அமெரிக்க அரசியலமைப்பின் 23ஆம் திருத்தம் முதல் 26ஆம் திருத்தம் வரை நான்கும் அவர் தலைமை வகித்த ஆண்டுகளில் காங்கிரசைக் கடந்தன. அதிபர் இறந்தாலோ செயலிழந்தாலோ என்ன செய்வது என்பதை வரையறுக்கும் 25ஆம் திருத்தத்தைப் பிரதிநிதிகள் சபையில் முன்மொழிந்தவர் அவரே.

ஒரு மசோதாவைக் குறித்து அவர் நிலைப்பாடு என்ன என்று கேட்கப்பட்டபோது, தாம் அதன் மேல் நிற்கவில்லை, அமர்ந்திருப்பதாகவும், அது ஒருபோதும் வெளிச்சத்தைக் காணாது என்றும் அவர் பதில் சொன்னதாகக் கூறுவார்கள். குழுத்தலைவரின் அதிகாரம் எத்தகையது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை. அந்த அதிகாரத்தை அவர் நன்மைக்கும் பயன்படுத்தினார், தவறாகவும் பயன்படுத்தினார். இரண்டையும் கீழே சொல்கிறேன்.

கேள்வி: 1924ஆம் ஆண்டுச் சட்டத்தை அவர் எதிர்த்தார் என்று படித்தேன். அச்சட்டம் என்ன சொன்னது? (வாசகி, மதுரை)

பதில்: செல்லர் சபைக்குள் நுழைந்த காலத்தின் மனநிலையை முதலில் சொல்ல வேண்டும். அவர் பதவியேற்பதற்குச் சில நாட்களுக்கு முன்பு, 1923 பிப்ரவரி 19ஆம் நாள், பகத்சிங் திண்ட் என்ற பஞ்சாபியரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தியர்கள் ‘வெள்ளையர்’ என்ற வரையறைக்குள் வரமாட்டார்கள், ஆகவே குடியுரிமை பெறத் தகுதியற்றவர்கள் என்பதே அத்தீர்ப்பு. திண்ட் முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றியவர் என்பதும் அவருக்கு உதவவில்லை. ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலரிடமிருந்து அது பறிக்கப்பட்டது. அப்படிப் பறிகொடுத்த வைஷ்ணோ தாஸ் பகாய் என்ற கலிபோர்னியக் கடைக்காரர் 1928இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அடுத்த ஆண்டில் வந்த ஜான்சன் – ரீட் சட்டம், இதே எண்ணத்தை உலகம் முழுமைக்கும் விரித்தது. குடியுரிமைக்குத் தகுதியற்றவர்கள் என்று சொல்லி ஆசியர்களுக்கு ஏறக்குறைய முற்றிலுமாகக் கதவை அடைத்தது. ஐரோப்பியர்களுக்கு, 1890ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது அமெரிக்காவில் இருந்த அந்தந்த நாட்டவர் எண்ணிக்கையில் 2 சதவீதம் என்று ஒதுக்கீடு விதித்தது. 1920ஆம் ஆண்டுக் கணக்கு கையில் இருக்கும்போது ஏன் 1890? இத்தாலியர், போலந்துக்காரர், ரஷ்ய யூதர் ஆகியோர் பெரும் எண்ணிக்கையில் வந்தது 1890க்குப் பிறகுதான். அவர்களைக் குறைக்க வேண்டும் என்பதே நோக்கம். 1929இல் கணக்கீட்டு முறை மாறிய பிறகும், பிரிட்டனுக்கு ஆண்டுக்கு 65,000க்கு மேல் இடங்கள் இருந்தபோது இத்தாலிக்கு 6,000கூடக் கிடைக்கவில்லை.

முதல் முறை உறுப்பினராக, எந்தச் செல்வாக்கும் இல்லாத நிலையில், செல்லர் இதை எதிர்த்துப் பேசினார். சபையில் அம்மசோதாவுக்கு எதிராக வாக்களித்தவர்கள் 71 பேர் மட்டுமே. அந்தத் தோல்வியின் விலை பதினைந்து ஆண்டுகளுக்குள் தெரிந்தது. 1939இல் ஜெர்மனியிலிருந்து தப்பிய 900க்கும் மேற்பட்ட யூதர்களைச் சுமந்து வந்த செயின்ட் லூயிஸ் என்ற கப்பல் அமெரிக்கக் கரையில் இறங்க அனுமதி கிடைக்காமல் ஐரோப்பாவுக்கே திரும்பியது. ஒதுக்கீட்டுக்கு வெளியே 20,000 குழந்தைகளை அனுமதிக்கக் கோரிய மசோதாவும் அதே ஆண்டு கைவிடப்பட்டது. போர்க்காலத்தில் விசா விவகாரங்களைக் கவனித்த வெளியுறவுத் துறை அதிகாரி பிரெக்கின்ரிட்ஜ் லாங், அகதிகளைத் தாராளமாக அனுமதித்துவிட்டதாகக் காங்கிரசில் கூறியபோது, அது உண்மைக்குப் புறம்பானது என்று செல்லர் பகிரங்கமாகக் கண்டித்தார். அவருடைய புரூக்ளின் தொகுதியில் எத்தனையோ குடும்பங்கள் ஐரோப்பாவில் சிக்கிய உறவினர்களுக்காக அவரிடம் மன்றாடிக்கொண்டிருந்த காலம் அது. அவரால் பெரும்பாலோருக்கு எதுவும் செய்ய முடியவில்லை.

கேள்வி: இந்தியர்களுக்குக் குடியுரிமை கிடைத்தது 1965க்குப் பிறகுதானா, அதற்கு முன்பேவா? (வாசகர், சிங்கப்பூர்)

பதில்: அதற்கு 19 ஆண்டுகள் முன்பே. 1946 ஜூலை 2ஆம் நாள் அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்ட லூஸ் – செல்லர் சட்டம்தான் அதைச் செய்தது. குடியரசுக் கட்சியைச் சேர்ந்த கிளேர் பூத் லூஸ் அம்மையாரும் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த செல்லரும் சேர்ந்து முன்னெடுத்த சட்டம் அது. அமெரிக்காவில் இருந்த இந்திய வணிகர் ஜே.ஜே. சிங் போன்றவர்கள் காங்கிரஸ் உறுப்பினர்களை ஒவ்வொருவராகச் சந்தித்து ஆதரவு திரட்டினார்கள். ஆண்டுக்கு இந்தியாவிலிருந்து 100 பேர், பிலிப்பைன்ஸிலிருந்து 100 பேர் குடியேறலாம் என்பது எண்ணளவில் ஒன்றுமே இல்லை. ஆனால் ஏற்கெனவே அங்கு வாழ்ந்துகொண்டிருந்த இந்தியர்கள் குடிமக்களாகலாம் என்ற விதி மிகப் பெரியது. ஏனெனில் கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் குடியுரிமைக்குத் தகுதியற்றவர்கள் விளைநிலம் வாங்கவே சட்டம் தடை செய்திருந்தது.

பஞ்சாபில் பிறந்து கலிபோர்னியாவில் விவசாயம் செய்துவந்த தலிப் சிங் சௌந்த் 1949இல் குடிமகனானார். 1956ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்று பிரதிநிதிகள் சபைக்கே வந்துவிட்டார். செல்லர் எழுதிய சட்டத்தால் குடிமகனான ஒருவர், பத்தாண்டுகளில் அவரோடு ஒரே அவையில் அமர்ந்து வாக்களித்தார்.

தமிழர்களுக்கும் இதில் நேரடியான தொடர்பு உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த வானியற்பியல் அறிஞர் சுப்ரமணியன் சந்திரசேகர் 1937 முதல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிவந்தார். போர்க்காலத்தில் அமெரிக்க ராணுவத்தின் ஆய்வுக்கூடத்துக்கும் உதவினார். ஆயினும் 1946 வரை அவர் விரும்பியிருந்தாலும் அந்நாட்டின் குடிமகனாகியிருக்க முடியாது. அவர் குடியுரிமை பெற்றது 1953இல்.

கேள்வி: 1965ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஆசியர்கள் இத்தனை பேர் வருவார்கள் என்பதை அறிந்தே செல்லர் அதைக் கொண்டுவந்தாரா? (வாசகர், சென்னை)

பதில்: வந்த கடிதங்களுள் என்னை அதிகம் சிந்திக்க வைத்த கேள்வி இது. இதற்கு நேர்மையான பதில், இல்லை என்பதே.

முதலில் ஒரு கேள்வி எழக்கூடும். 1949 முதலே குழுத்தலைவராக இருந்தவர் ஏன் 1965 வரை காத்திருந்தார்? குடியேற்றத்துக்கான துணைக்குழு அவருடைய சொந்தக் கட்சியைச் சேர்ந்த பிரான்சிஸ் வால்டரின் கையில் இருந்தது. வால்டர் நாட்டுவாரி ஒதுக்கீட்டின் உறுதியான காவலர். 1952இல் அவரும் செனட்டர் மெக்கேரனும் கொண்டுவந்த சட்டம் அந்த ஒதுக்கீட்டை மீண்டும் உறுதிப்படுத்தியது, செல்லர் எதிர்த்தார், ட்ரூமன் தம் தடுப்பதிகாரத்தைப் பயன்படுத்தி நிராகரித்தார், காங்கிரஸ் மூன்றில் இரு பங்கு வாக்குகளால் அதையும் மீறிச் சட்டமாக்கியது. 1963இல் வால்டர் காலமான பிறகே வழி திறந்தது. அதிபர் கென்னடி அதே ஆண்டு ஒதுக்கீட்டை ஒழிக்கும் திட்டத்தைக் காங்கிரசுக்கு அனுப்பினார். அவருக்குப் பின் வந்த லிண்டன் ஜான்சன் 1964ஆம் ஆண்டுத் தேர்தலில் பெற்ற பெருவெற்றி மீதியைச் செய்தது.

செனட்டில் பிலிப் ஹார்ட்டும் பிரதிநிதிகள் சபையில் செல்லரும் முன்மொழிந்த அச்சட்டம், 1924இன் நாட்டுவாரி ஒதுக்கீட்டை ஒழித்தது. ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா அடங்கிய கிழக்கு அரைக்கோளத்துக்கு மொத்தம் 170,000 விசாக்கள், எந்த ஒரு நாட்டுக்கும் 20,000க்கு மேல் இல்லை என்று வகுத்தது. அரசின் முதல் திட்டம் தொழில்திறனுக்கு முதலிடம் தந்தது. வால்டருக்குப் பின் துணைக்குழுவின் தலைமைக்கு வந்த ஓஹையோவின் மைக்கேல் ஃபீகன் அதைத் திருப்பிப் போட்டு, குடும்ப உறவுகளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று வற்புறுத்தினார். விசாக்களில் 74 சதவீதம் உறவினர்களுக்கும், 10 சதவீதம் உயர்கல்வி பெற்ற தொழில்வல்லுநர்களுக்கும், 10 சதவீதம் தேவையான பிற தொழிலாளர்களுக்கும், 6 சதவீதம் அகதிகளுக்கும் என்று முடிவானது. இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. அமெரிக்காவில் ஏற்கெனவே இருப்பவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வழியினர்; ஆகவே உறவினர் என்ற பெயரில் வருபவர்களும் ஐரோப்பியர்களாகவே இருப்பார்கள் என்று நம்பினார்கள். ஆசியர்களுக்கும் ஆப்பிரிக்கர்களுக்கும் அங்கே உறவினர்கள் குறைவு என்பதால் ஒப்பளவில் அதிகம் பேர் வரமாட்டார்கள் என்று செல்லரே சபையில் பேசினார். 1965 அக்டோபர் 3ஆம் நாள், சுதந்திர தேவி சிலையின் அடியில் அமர்ந்து கையெழுத்திட்ட அதிபர் ஜான்சனும், இது புரட்சிகரமான சட்டம் அன்று என்றே சொன்னார்.

நடந்தது வேறு. போருக்குப் பின் வளம்பெற்ற ஐரோப்பாவிலிருந்து கிளம்ப ஆட்கள் குறைந்தனர். 1966இல் முதியோர்க்கான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நடைமுறைக்கு வந்தபின் அமெரிக்க மருத்துவமனைகளுக்கு மருத்துவர்கள் வேண்டியிருந்தது. இந்தியாவிலோ அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் பொறியியல் கல்லூரிகளிலும் ஆங்கிலவழியில் படித்துத் தேறியவர்கள் இருந்தனர். அவர்கள் அந்தப் பத்து சதவீத வாயில் வழியே சென்றார்கள். பிறகு மனைவியையும் உடன்பிறந்தவர்களையும் அந்த 74 சதவீத வாயில் வழியே அழைத்துக்கொண்டார்கள். ஐரோப்பியர்களை மனத்தில் வைத்து எழுதிய உறவினர் பிரிவு இந்தியக் குடும்பங்களுக்கே மிகவும் பயன்பட்டது. 1960இல் அமெரிக்காவில் வாழ்ந்த, இந்தியாவில் பிறந்தவர்கள் சுமார் 12,000 பேர். 1980இல் அது இரண்டு லட்சத்தைத் தாண்டியது. 1977இல் நியூயார்க்கின் ஃபிளஷிங் பகுதியில் பிள்ளையார் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. செல்லர் அப்போது உயிரோடு இருந்தார். அதே நகரத்தில்தான் வாழ்ந்தார்.

விளைவுகளை முன்னறியவில்லை என்பதால் அவருக்குப் பெருமை இல்லை என்று சிலர் எழுதுகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. எத்தனை பேர் வருவார்கள் என்ற கணிப்பில் அவர் தவறினார். பிறந்த நாட்டையும் இனத்தையும் வைத்து மனிதரைத் தரம்பிரிக்கக்கூடாது என்ற கொள்கையில் அவர் 1924 முதல் தவறவில்லை. அவருடைய வாழ்நாள் உழைப்பு அந்தக் கொள்கைக்காக நடந்தது.

சட்டத்தில் குறைகளும் இருந்தன. வட, தென் அமெரிக்க நாடுகள் அடங்கிய மேற்கு அரைக்கோளத்துக்கு முதன்முறையாக 120,000 என்ற உச்சவரம்பை அது விதித்தது. மெக்சிகோவிலிருந்து பருவந்தோறும் வயல் வேலைக்கு வந்து போனவர்களுக்கான ஒப்பந்தத் திட்டம் 1964இலேயே முடிந்துவிட்டது. ஆக, அதே வேலைக்கு அதே வழியில் வந்தவர்கள் சட்டவிரோதமாக நுழைந்தவர்கள் ஆனார்கள். நாட்டுக்கு இத்தனை என்ற உச்சவரம்போ, 1990ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 சதவீதம் என்று உருமாறி, இன்று இந்தியப் பொறியாளர்கள் கிரீன் கார்டுக்காகப் பல்லாண்டுகள் காத்திருப்பதற்குக் காரணமாக நிற்கிறது.

கேள்வி: கமலா ஹாரிஸின் தாயார் இச்சட்டத்தின் பயனாகத்தான் அமெரிக்கா சென்றார் என்று சொல்கிறார்களே, சரியா? (வாசகி, மன்னார்குடி)

பதில்: சரியன்று. சியாமளா கோபாலன் 1958இல் உயர்கல்விக்காக மாணவியாகக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றவர். கமலா ஹாரிஸ் பிறந்தது 1964 அக்டோபரில். சட்டம் வந்தது அதற்கு ஓராண்டு கழித்து.

கேள்வி: 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டத்தைப் பற்றிப் பேசும்போது கென்னடி, ஜான்சன், மார்ட்டின் லூதர் கிங் பெயர்களே வருகின்றன. செல்லரின் பங்கு என்ன? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: கறுப்பின மக்களின் உரிமைக்காக வீதியில் இறங்கி அடிபட்டவர்களின் பங்குக்கு முன்னால் மற்றவர்கள் எல்லோருடைய பங்கும் சிறியதுதான். 1963 மே மாதம் அலபாமா மாநிலத்தின் பர்மிங்காமில் பள்ளிச் சிறுவர் சிறுமியர் மீது நாய்களும் நீர்ப்பீரங்கிகளும் ஏவப்பட்ட காட்சிகள் இல்லையென்றால் காங்கிரஸ் அசைந்திருக்காது. ஆனால் கோபம் சட்டமாவதற்கு ஒருவர் குழு அறையில் வாக்குகளை எண்ண வேண்டும். அந்த வேலையைச் செய்தவர் செல்லர்.

1963 ஜூன் 20ஆம் நாள், நிறத்தையும் இனத்தையும் வைத்துப் பாகுபடுத்துவதைத் தடை செய்யும் அம்மசோதாவை அவர் முன்மொழிந்தார். அவருடைய துணைக்குழு, வேலைவாய்ப்பில் பாகுபாட்டைத் தடுக்கும் பிரிவுகளைச் சேர்த்து, கென்னடி கேட்டதைவிடக் கடுமையாக அதை மாற்றியது. இவ்வளவு கடுமையான மசோதா சபையில் தோற்றுவிடும் என்று அரசு அஞ்சியது. குழுவில் குடியரசுக் கட்சியின் மூத்த உறுப்பினரான ஓஹையோவின் வில்லியம் மெக்கல்லாக்குடன் பேசி, இரு தரப்பும் ஏற்கும் வடிவத்தை எட்டினார்கள். அடுத்து, விவாதத்துக்கு நேரம் ஒதுக்கும் விதிகள் குழு. அதன் தலைவர் வர்ஜீனியாவின் ஹோவர்ட் ஸ்மித், நிறவேறுபாட்டை ஆதரித்தவர். மசோதாவை எடுக்கவே மறுத்தார்.

இதற்கு ஒரு மாற்றுவழி உண்டு. சபையின் பெரும்பான்மை உறுப்பினர்களான 218 பேர் ஒரு மனுவில் கையெழுத்திட்டால், குழுத்தலைவர் முடக்கிவைத்த மசோதாவை நேரே அவைக்கு இழுத்து வந்துவிடலாம். ஒரு குழுத்தலைவர் மற்றொரு குழுத்தலைவருக்கு எதிராக அந்த ஆயுதத்தை எடுப்பது அரிது. 1963 டிசம்பரில் செல்லர் எடுத்தார். கையெழுத்துகள் சேரத் தொடங்கியதும் ஸ்மித் பணிந்தார். 75 வயதில் செல்லர் பத்து நாட்களுக்கு மேல் நீண்ட விவாதத்தை அவையில் நடத்திச் சென்று, 1964 பிப்ரவரி 10ஆம் நாள் 290க்கு 130 என்ற கணக்கில் மசோதாவை நிறைவேற்றினார். செனட்டில் வாக்கெடுப்பு நடக்கவிடாமல் நாள்கணக்கில் பேசிக்கொண்டே இருக்கும் தடைப்பேச்சுகளைக் கடந்து ஜூலை 2ஆம் நாள் அது சட்டமானது. அடுத்த ஆண்டின் வாக்குரிமைச் சட்டமும் அதே குழுவின் வழியாகவே வந்தது.

கேள்வி: நான் ஒரு வணிகன். நிறுவனங்கள் ஒன்றையொன்று விழுங்குவதைத் தடுக்கும் சட்டம் ஒன்றும் செல்லர் பெயரில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். (வாசகர், ஈரோடு)

பதில்: 1950ஆம் ஆண்டின் செல்லர் – கெஃபாவர் சட்டம். போட்டியைக் குறைக்கும் நிறுவன இணைப்புகளை 1914இலேயே அமெரிக்கா தடை செய்திருந்தது. ஆனால் அத்தடை பங்குகளை வாங்குவதற்கு மட்டுமே பொருந்தியது. பங்குகளைத் தொடாமல் எதிரியின் ஆலையையும் இயந்திரங்களையும் மொத்தமாக வாங்கிவிட்டால் சட்டம் பிடிக்காது. அந்த ஓட்டையை அடைத்ததே இச்சட்டம். 1962இல் பிரவுன் ஷூ என்ற காலணி நிறுவனத்தின் இணைப்பை உச்ச நீதிமன்றம் தடுத்தது இதன் அடிப்படையில்தான்.

அவர்மீது இருந்த ஒரு குறையையும் இங்கே சொல்வது முறை. உறுப்பினராக இருந்துகொண்டே நியூயார்க்கில் வழக்கறிஞர் நிறுவனத்தில் பங்காளியாகத் தொடர்ந்தார். அந்த அலுவலகத்துக்கு இரண்டு வாசல்கள். ஒரு வாசலின் பெயர்ப்பலகையில் அவர் பெயர் இருக்கும், மற்றொன்றில் இருக்காது. அரசு தொடர்பான வழக்குகளில் அவர் பங்கேற்கவில்லை என்று காட்டுவதற்கான ஏற்பாடு அது. ஏகபோகத் தடுப்புச் சட்டங்களுக்குப் பொறுப்பான குழுவின் தலைவர் இப்படி நடந்துகொண்டது தவறு என்று அக்காலத்திலேயே கண்டனம் எழுந்தது. அக்கண்டனம் நியாயமானது.

கேள்வி: அமெரிக்க அதிபரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்க ஏன் ஒருவரும் முயலவில்லை? (வாசகர், புதுச்சேரி)

பதில்: முயன்றார்கள், அதிலும் செல்லர் இருந்தார். மாநிலவாரியாகத் தேர்ந்தெடுக்கப்படும் தேர்வாளர்கள் அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் குழு முறையை ஒழித்து நேரடி வாக்கெடுப்பைக் கொண்டுவரும் அரசியலமைப்புத் திருத்தத்தை 1969 செப்டம்பர் 18ஆம் நாள் பிரதிநிதிகள் சபை 338க்கு 70 என்ற கணக்கில் நிறைவேற்றியது. செனட்டில் பிர்ச் பாய் அதை முன்னெடுத்தார். சிறிய மாநிலங்களையும் தென் மாநிலங்களையும் சேர்ந்த செனட்டர்கள் 1970இல் தடைப்பேச்சால் அதை முடக்கினர். அதற்குப் பிறகு இன்றுவரை அவ்வளவு தூரம் அம்முயற்சி சென்றதில்லை.

கேள்வி: இத்தனை பேருக்கு உரிமை பெற்றுத் தந்தவர், பெண்களின் சம உரிமைத் திருத்தத்தை மட்டும் ஏன் எதிர்த்தார்? அவருடைய தோல்விக்கு அதுவே காரணமா? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: அம்மா, செல்லரைப் பற்றிப் பேசும்போது தவிர்க்கவே கூடாத கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள்.

ஆணுக்கும் பெண்ணுக்கும் சட்டத்தில் வேறுபாடு கூடாது என்ற அரசியலமைப்புத் திருத்தம் 1923இல், அதாவது செல்லர் சபைக்கு வந்த அதே ஆண்டில், முதன்முறையாகக் காங்கிரசில் முன்வைக்கப்பட்டது. செல்லர் நீதித்துறைக் குழுவின் தலைவராக இருந்த ஆண்டுகளில், 1970 வரை, அது அக்குழுவின் அலமாரியை விட்டு வெளியே வரவேயில்லை. அவருடைய வாதம் முற்றிலும் அடிப்படையற்றதன்று. ஆலைகளில் பெண்களுக்கு வேலைநேர வரம்பு, பாரம் தூக்குவதில் வரம்பு போன்ற பாதுகாப்புச் சட்டங்கள் இத்திருத்தத்தால் செல்லாமற்போகும் என்று தொழிற்சங்கங்கள் நெடுங்காலம் அஞ்சின. எலினார் ரூஸ்வெல்ட்டும் ஒரு காலத்தில் அவ்வாறே கருதியவர். ஆனால் அந்தப் பாதுகாப்புகளே பெண்களை நல்ல ஊதியமுள்ள வேலைகளிலிருந்து விலக்கிவைக்கும் சாக்காக ஆகிவிட்டன என்பதை 1960களின் இறுதிக்குள் தொழிற்சங்கங்களிலேயே பலர் உணர்ந்துவிட்டனர். செல்லர் உணரவில்லை. 1964இல், வேலைவாய்ப்புப் பாகுபாட்டுப் பிரிவில் ‘பால்’ என்பதையும் சேர்க்கும் திருத்தத்தை ஹோவர்ட் ஸ்மித் கொண்டுவந்தபோது, செல்லர் அதை எதிர்த்ததோடு தம் வீட்டில் கடைசிப் பேச்சு தம்முடையதே என்றும், அது ‘சரி, அன்பே’ என்பதுதான் என்றும் சொல்லிச் சிரிக்க வைத்தார். அவையில் இருந்த சில பெண் உறுப்பினர்கள் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பே பெண்கள் இந்நாட்டில் எந்த இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்பதற்குச் சான்று என்று மிச்சிகனின் மார்த்தா கிரிஃபித்ஸ் எழுந்து வாதாடினார். திருத்தம் நிறைவேறியது.

அதே கிரிஃபித்ஸ் 1970இல், சம உரிமைத் திருத்தத்தைச் செல்லரின் குழுவிலிருந்து மீட்க 218 கையெழுத்துகளைத் திரட்டினார். ஏழு ஆண்டுகளுக்கு முன்பு ஸ்மித்துக்கு எதிராகச் செல்லர் எடுத்த அதே மனு இப்போது செல்லருக்கு எதிராக வந்தது. இன வேறுபாட்டைத் தடுக்கும் சட்டத்தை முடக்கிவைத்த ஒரு கிழவரின் பிடிவாதத்தை உடைத்தவர், தாமே இன்னொரு பிடிவாதக்காரராக மாறியிருந்ததை உணராமற்போனது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. பதவிமூப்பு மரபு அவருக்குத் தந்த அதிகாரம், எவரும் அவரிடம் எதிர்த்துப் பேச வேண்டிய தேவையையே நீக்கிவிட்டது.

1972 ஜூன் மாதக் கட்சி உட்தேர்தலில் எலிசபெத் ஹோல்ட்ஸ்மன் என்ற 30 வயது வழக்கறிஞர் அவரை எதிர்த்து நின்றார். அமெரிக்காவில் கட்சியின் வேட்பாளரைத் தலைமை நியமிப்பதில்லை. அக்கட்சியைச் சேர்ந்த வாக்காளர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதால், புரூக்ளினைப் போன்ற ஒரு கட்சியின் கோட்டையில் உட்தேர்தலே உண்மையான தேர்தல். வாஷிங்டன் நினைவுத்தூணைக் கவிழ்க்க வந்த பல்குத்தும் குச்சி என்று செல்லர் அவரை இகழ்ந்தார். ஹோல்ட்ஸ்மனிடம் பணம் இல்லை. சுரங்க ரயில் நிலைய வாசல்களிலும் திரையரங்க வரிசைகளிலும் நின்று துண்டறிக்கை கொடுத்தார். வியட்நாம் போரைச் செல்லர் ஆதரித்ததையும், பெண்களின் திருத்தத்தை முடக்கியதையும், தொகுதிப் பக்கமே அவர் வருவதில்லை என்பதையும் எடுத்துச் சொன்னார். சுமார் 600 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். பெண்களின் பிரச்சினை ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் இத்தனை குறைந்த வித்தியாசத்தில் அது இல்லாமலும் அவர் தோற்றிருப்பார் என்றும் சொல்ல முடியாது.

கேள்வி: அந்தத் தோல்விக்குப் பிறகு என்ன நடந்தது? (வாசகர், டொராண்டோ)

பதில்: செல்லர் வழக்கறிஞர் தொழிலுக்குத் திரும்பி, 1981 ஜனவரி 15ஆம் நாள் புரூக்ளினில் தம் 92ஆம் வயதில் காலமானார். நீதித்துறைக் குழுவின் தலைமை, பதவிமூப்பில் அடுத்திருந்த நியூஜெர்சியின் பீட்டர் ரோடினோவுக்குச் சென்றது. எதிர்க்கட்சி அலுவலகத்தில் அத்துமீறி நுழைந்ததும் அதை மூடிமறைக்க முயன்றதுமான வாட்டர்கேட் விவகாரம் 1973இல் வெடித்ததால், 1974இல் நிக்சன் மீதான பதவி நீக்க விசாரணையை நடத்தும் பொறுப்பு ரோடினோவின் மேல் விழுந்தது. அக்குழுவில் புதிய உறுப்பினராக அமர்ந்திருந்தவர்களுள் ஹோல்ட்ஸ்மனும் ஒருவர். நிக்சன் விலகியபோது ஜெரால்ட் ஃபோர்டு அதிபரானதும், அதற்கு முன்பு ஃபோர்டு துணை அதிபராக நியமிக்கப்பட்டதும், செல்லர் முன்மொழிந்த 25ஆம் திருத்தம் வகுத்த வழியில் நடந்தன.

ஹோல்ட்ஸ்மன் பின்னர், வால்டரும் ஃபீகனும் தலைமை வகித்த அதே குடியேற்றத் துணைக்குழுவுக்குத் தலைவரானார். செனட்டர் எட்வர்ட் கென்னடியுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய 1980ஆம் ஆண்டு அகதிகள் சட்டம், 1965இன் அந்த 6 சதவீத அகதிகள் பிரிவை நீக்கி, அகதி என்பவர் யார் என்பதற்கு ஐக்கிய நாடுகள் ஒப்பந்தத்தின் வரையறையைத் தழுவி, புகலிடம் கோரும் நடைமுறையையும் சட்டத்தில் சேர்த்தது. நீங்கள் வாழும் கனடாவைப்போல் அமெரிக்கா ஈழத் தமிழர்களைப் பெரும் எண்ணிக்கையில் ஏற்கவில்லை. ஆயினும் 1983க்குப் பிறகு அங்கே சென்று புகலிடம் கேட்டவர்களின் மனுக்கள் அந்தச் சட்டத்தின்கீழ்தான் விசாரிக்கப்பட்டன.